சங்கிலியில் கட்டிய டாக்ஸி

கனகாவைப் பற்றிக் கேட்டால் எஸ்டேட்டில் யாரும் முதலில் நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாய்க்காரி என்பார்கள். காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் பக்கத்து நிரைக்காரி தெரியாமல் அவள் செடியில் கை வைத்துவிட்டால் போதும், கிளியூர் வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுவாள். ஆனால் புருஷன் மாதேஷை மட்டும் அவள் ஒரு நாளும் "நீ" என்று சொன்னதில்லை. "ஏனுங்க"தான். அவன் குடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டைக் காலால் தள்ளிய நாளிலும், "ஏனுங்க, பாத்துங்க, குழம்பு சுடுங்க" என்றுதான் சொன்னாள்.

மாதேஷ் டாக்ஸி டிரைவர். ஏற்காடு பார்க்க வருகிற ஜனங்களைக் கீழே சேலத்திலிருந்து ஏற்றி வந்து, ஏரி, கோயில், வியூ பாயிண்ட் எல்லாம் சுற்றிக் காட்டி, மறுபடியும் கீழே இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. வண்டி அவனுடையது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் ஆர்.சி. புக்கில் இருந்த பெயர் கனகா. அதற்கு முன் ஒரு ஆட்டோவுக்கு வாங்கிய கடனை மாதேஷ் கட்டாமல் விட்டிருந்ததால் அவன் பெயருக்கு யாரும் கடன் தரவில்லை. கனகா தன் பி.எஃப். பணத்தைப் போட்டு, கழுத்தில் இருந்ததை அடகு வைத்து, தன் பெயரில் வண்டியை எடுத்தாள். கடன் டியூவையும் பெரும்பாலும் அவள் கூலியில்தான் கட்டி முடித்தார்கள். அவன் ஓட்டிக் கொண்டுவந்தது டீசலுக்கும் டயருக்கும் அவனுக்கும் சரியாகப் போனது.

வெள்ளை வண்டி, மஞ்சள் நம்பர் பிளேட். மலை ஏறி இறங்கியே தேய்ந்துபோன வண்டி. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நாலு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ நின்றுவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவு ஓடியது என்று கணக்கே கிடையாது. போன வருஷம் மழைக்காலத்தில் கிளட்ச் போய், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வண்டி படுத்துவிட்டது. அடுத்த வாரமே மாதேஷும் கிளம்பிவிட்டான். அயோத்தியாப்பட்டணத்தில் டிபன் கடை வைத்திருந்த ஒருத்தியோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கனகாவுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அவள் பேசாமல் சேலத்துக்குப் போய் ஒரு கனத்த இரும்புச் சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் வாங்கிவந்தாள். பின் சக்கரத்தின் ஓட்டைகளுக்குள் சங்கிலியை நுழைத்து, பக்கத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துப் பூட்டினாள்.

மாதேஷ் ஒரு மெக்கானிக்கோடு வண்டியை எடுக்க வந்தபோது சங்கிலியைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினான். கனகா திறக்கவில்லை. அவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனான். ரைட்டர் பொன்னுவேல் மறுநாள் வேலைக்காட்டிலேயே வந்து நின்றார். எஸ்டேட்டில் ஆட்களை எண்ணி வேலை கொடுக்கிற ரைட்டர். துரைக்கு அடுத்து அவர் சொன்னதுதான் சட்டம்.

"கனகா, எஸ்டேட் எடத்துல வந்து கண்டவன் கத்தறானாமா? அந்த ஓட்டை வண்டிய மொதல்ல அப்பறப்படுத்து. இல்லீனா நீயும் ஊட்டைக் காலி பண்ணு."

"வித்துடறனுங்க."

"அதை ஆரு வாங்கறது?"

கனகாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மஞ்சக்குட்டை ஊர் மெக்கானிக் ஒருவனைப் பிடித்துக் கிளட்சைச் சரி பண்ணி வண்டியை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தாள். மகள் சுஜாதா ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருந்தாள். அம்மா சொன்னதற்காக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து இணையத்தில் போட்டாள். அன்றையிலிருந்து கனகாவின் போனுக்கு ஓய்வில்லை. ஓசூரிலிருந்து ஒருவன், நாமக்கல்லிலிருந்து ஒருவன். எவனும் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "கடைசி வெலை என்ன?" என்றுதான் ஆரம்பித்தார்கள். "ஆம்பளைக இருந்தா போனைக் குடும்மா" என்றான் ஒருவன். "இருந்தா நான் ஏன்டா வண்டி விக்கறேன்?" என்று கனகா போனை வைத்தாள்.

நேரில் வந்தவர்களும் சுகமில்லை. சேலத்திலிருந்து வந்த ஒரு புரோக்கர் செருப்புக் காலால் டயரை உதைத்துப் பார்த்தான். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்து வைத்தால் இன்னும் நல்ல விலை கிடைக்கும், தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்றான். "என்ன இருக்குதோ அதைப் பாத்து வாங்கறதுன்னா வாங்கு" என்றாள் கனகா. அவன் நாளைக்கு வருகிறேன் என்று போனான். வரவில்லை. அடுத்து வந்தவனும் திரும்பி வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. எஸ்டேட்டுக்கு வழி கேட்கிறவர்கள் எல்லாரும் டாக்ஸி ஸ்டாண்டில்தான் கேட்பார்கள். அங்கே மாதேஷின் கூட்டாளிகள், "அந்த வண்டியா? கேஸுல இருக்குது. வாங்குனா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையோணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேஸும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

மாதேஷுக்கு அந்த வண்டிமேல் அவ்வளவு வெறி வர ஒரு காரணம் இருந்தது. ஸ்டாண்டில் இடம் என்பது ஆளுக்கு இல்லை, வண்டி நம்பருக்கு. அந்த நம்பர் இருக்கிறவரைக்கும் வரிசையில் அவனுக்கு ஒரு இடம் உண்டு. இல்லாவிட்டால் அடுத்தவன் வண்டிக்கு ஆக்டிங் டிரைவர்தான். அப்போது அவன் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், பென்னி என்கிற சின்ன வயசுக்காரனின் புது வண்டியை. நேற்று வரைக்கும் தன்னை "அண்ணா" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்த பையனிடம் சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கூலிக்கு நிற்பது மாதேஷுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கனகா பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னாள். மாதேஷ் வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். கனகா இடுப்பில் கட்டியிருந்த பறிப்புப் பையைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே மேட்டில் ஏறி ரோட்டுக்கு வந்து, நடந்தே ஸ்டாண்டுக்குப் போனாள். மாதேஷ் நாலைந்து டிரைவர்களோடு பென்னியின் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"பேட்டரி எங்க?"

"எந்தப் பேட்டரி?"

"நீ திருடுன பேட்டரி."

ஸ்டாண்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த டிரைவர்கள் எல்லாரும் அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள். அவள் "ஏனுங்க" என்று கூப்பிடுவதைக் கேட்டவர்கள். மாதேஷின் முகம் கறுத்தது.

"ஆரைடி நீங்கிற?"

"உன்னையத்தான். என் ஊட்டு வாசல்ல வந்து திருடுனது வேற ஆரு?"

"என் வண்டில நான் கை வெச்சா திருட்டா? பனிலயும் மழைலயும் அந்த ஸ்டேரிங்கப் புடிச்சது உங்கப்பனா?"

"டியூ கட்டுனது உங்கப்பனா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மாதேஷ் கையை ஓங்கினான். கனகா நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று கீழே இறங்கியது. அவள் அவனைத் தாண்டிப் போய் பென்னியின் வண்டி பானெட்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பெங்களூர்க் குடும்பம் ஒன்று கோயிலுக்குப் போக ஏறி உட்கார்ந்திருந்தது. பழச்சாறு பிசுபிசுத்த பையோடு ஒரு பொம்பளை கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

பென்னி டீக்கடையிலிருந்து ஓடிவந்தான். "அக்கா, எறங்குங்கக்கா. பார்ட்டி உக்காந்திருக்காங்க."

"உன் வண்டி ஓட்டறவனை என் பேட்டரியக் குடுக்கச் சொல்லு தம்பி. எறங்கறேன்."

"அண்ணா, உங்க சண்டைய என் பொழப்புல கொண்டாந்து வெக்காதீங்க. குடுத்துருங்க."

அந்தச் சின்னப் பையன் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதுதான் மாதேஷுக்கு அடி. டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து பேட்டரியை எடுத்துவந்து கனகாவின் காலடியில் பொத்தென்று போட்டான். "கொண்டுபோடி. அந்த வண்டி இந்த மலைய உட்டு எப்படிப் போகுதுன்னு நானும் பாக்கறேன்."

பேட்டரி கனமாக இருந்தது. கனகா கை காட்டிய ஆட்டோக்கள் ஒன்றும் நிற்கவில்லை. எல்லாரும் ஸ்டாண்டுக்காரர்களுக்கு வேண்டியவர்கள். முந்தானையைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் வரைக்கும் நடந்தாள். வழியில் இறக்கி வைக்கக்கூட இல்லை. இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டுமே, யாரைக் கூப்பிடுவது?

வீட்டுக்கு வந்து பேட்டரியை மாட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டிக் கதவு உடையவில்லை. பானெட்டைத் திறக்கிற கொக்கி கதவுக்கு உள்ளே இருக்கிறது. சாவி இல்லாமல் அவன் எப்படித் திறந்தான்? ஒரு சாவி அவள் இடுப்பில். இன்னொன்று டி.வி.க்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போய்ப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

சுஜாதா டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டாள். "சாவிய ஆரு குடுத்தது?"

"நாந்தான்." சுஜாதா மறைக்கவில்லை.

"ஏண்டி?"

"அப்பா கேட்டாரு. ஸ்டாண்டுல எடம் போயிருமாமா. அந்தப் பென்னிகிட்டக் கையக் கட்டிட்டு நிக்கறாரு. பாக்கறதுக்குப் பாவமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா பாவமா இல்லியா உனக்கு?"

"நீ எங்கம்மா பாவம் பாக்க உடற? கிட்ட வந்தாலே கத்தற. அவரு தப்புதான் பண்ணுனாரு. ஆனா தினமும் போன் பண்ணி சாப்புட்டியா சாமின்னு கேக்கறாரு. நீ கேட்டிருக்கியா?"

கனகாவுக்குக் கை துறுதுறுத்தது. அடித்திருப்பாள். பேட்டரி தூக்கி வந்த கழுத்து வலியில் கை மேலே எழவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்குச் சமைத்ததை இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டுத் தின்றார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

இந்த நிலையில்தான் செம்மநத்தத்திலிருந்து குழந்தைவேல் வந்தான். கொஞ்சம் காப்பி, ஆரஞ்சு, மிளகு என்று வைத்திருக்கிற விவசாயி. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்றான். ஸ்டாண்டில் சொன்ன கதையை அவனும் கேட்டிருந்தான்.

"கேஸுல இருக்கற வண்டின்னாங்களே, அப்பறம் ஏனுங்க வந்தீங்க?" என்றாள் கனகா.

"சண்டை இருக்கற வண்டின்னா சல்லிசாக் கெடைக்குமுங்கில்ல?"

அந்தப் பதில் கனகாவுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. ஆனாலும் வந்தவர்களில் உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான். குழந்தைவேல் குனிந்து நிமிர்ந்து வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து மூடினான். அது இரண்டாம் தடவைதான் மூடியது.

"ஆஸ்பத்திரில இருந்து தூக்கியாந்தாப்பல இருக்குதுங்க."

"ஆமாங்க. ரெண்டாவது கியரு மேட்டுல துள்ளி வெளிய வந்துரும். கியர் பாக்ஸுல சத்தம் இருக்குது, எப்ப வேணாலும் போகும். மழை வந்தா பின்னாடி ஒழுகும். மீட்டர் ஓடாது. எல்லாம் சொல்லிட்டனுங்க. நாளைக்கு வந்து என் ஊட்டு முன்னாடி நின்னு கத்தக்கூடாது."

"இத்தனையும் சொல்லிப்போட்டு இந்த வெலை கேக்கறீங்களா?"

"சொல்லலீனா இன்னும் சேத்தில்ல கேட்டிருப்பேன்."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். கனகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எஸ்டேட் மேட்டில் ஏறும்போதே இரண்டாவது கியர் துள்ளியது. வண்டி பின்னால் சறுக்கியது. குழந்தைவேல் பிரேக்கை மிதித்துவிட்டு வாய்க்குள் திட்டினான். "சொன்னனா இல்லியா?" என்றாள் கனகா. அதற்கப்புறம் அவன் கியரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். வீட்டு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. இரண்டு தடவை அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு தடவையும் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். கடைசியில் கனகா கேட்டதற்கும் அவன் சொன்னதற்கும் நடுவில் ஒரு விலைக்கு இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். வாடகை பர்மிட்டைச் சரண்டர் பண்ணி, சொந்த உபயோகத்துக்கான போர்டாக மாற்றித்தான் அவன் வாங்குவான். அப்படி மாற்றிவிட்டால் அந்த நம்பர் ஸ்டாண்டு வரிசையில் இருந்து நிரந்தரமாகப் போய்விடும். கனகாவுக்கு அது தெரியும். சரி என்றாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, சேலம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அதே வண்டியில் இரண்டு பேரும் போவதாக ஏற்பாடு. கனகா நல்ல சேலை கட்டிக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தாள். குழந்தைவேல் வண்டியைக் கிளப்பி எஸ்டேட் கேட்டுக்கு வந்தபோது, கேட்டுக்குக் குறுக்கே பென்னியின் வண்டி நின்றிருந்தது. மாதேஷும் இன்னும் இரண்டு டிரைவர்களும் அதன்மேல் சாய்ந்து நின்றார்கள்.

"எறங்குடா" என்றான் மாதேஷ், குழந்தைவேலைப் பார்த்து.

குழந்தைவேல் கனகா பக்கம் திரும்பினான். "ஏனுங்க, இதைத்தான் நீங்க சொல்லலை."

கனகா இறங்கிப் போனாள். சத்தம் கேட்டு லைன் வீட்டுச் சனம் எல்லாம் கூடிவிட்டது. பொன்னுவேல் ரைட்டர் பல் விளக்கிக்கொண்டே வந்து, "எஸ்டேட் கேட்டுல வண்டிய நிறுத்தி ரவுடித்தனம் பண்றீங்களா? போலீசைக் கூப்பிடட்டுமா? கனகா, எல்லாம் உன்னாலதான்" என்று எல்லாரையும் பொதுவாகத் திட்டினார்.

கனகா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாதேஷிடம் சொன்னாள். "உனக்கு வேணுமா? இவரு என்ன குடுக்கறாரோ அதையே குடு. இப்பவே உன் பேருக்கு எழுதித் தர்றேன். இவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"என் வண்டிக்கு நான் காசு குடுக்கோணுமா?"

"ஆமா."

மாதேஷ் கூட வந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அவன் ஒரு அடி முன்னால் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "கனகா, அந்த நம்பரு போச்சுன்னா ஸ்டாண்டுல நான் ஒண்ணுமே இல்ல புள்ள."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பழசு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தடவை பனிமூட்டத்தில், முன்னால் கை நீட்டினால் தெரியாத நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு இவன்தான் சேலத்துக்கு இறக்கினான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்த மாதேஷுக்காக இந்த மாதேஷுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். முடியவில்லை.

"அதை நீ துணிமணிய எடுத்துட்டுக் கெளம்புனியே, அன்னைக்கு நெனச்சிருக்கோணும்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

மாதேஷ் கூட்டத்தில் தேடி சுஜாதாவைக் கண்டுபிடித்தான். அவள் யூனிஃபார்மோடு வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தாள். "சாமி, உங்கம்மாகிட்ட நீயாவது சொல்லு."

சுஜாதா இரண்டு பேரையும் பார்த்தாள். "வண்டிய எடுங்கப்பா" என்றாள். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு. வழி உடுங்க."

அவள் யார் பக்கம் பேசினாள் என்று கனகாவுக்கு இன்றைக்கும் தெரியாது. மாதேஷ் கூட வந்தவர்களை வண்டியில் ஏறச் சொன்னான். பிறகு பென்னியின் வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து, ரோட்டில் இறக்கி, சத்தம் போடாமல் போனான்.

மலை இறங்கும்போது குழந்தைவேல் வழி நெடுக முணுமுணுத்தான். இப்படிச் சண்டை வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் குறைத்திருப்பேன் என்றான். கனகா கண்ணாடி இறங்காத ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். அந்த வண்டியின் முன் சீட்டில் சேலம் வரைக்கும் அவள் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் முன் சீட்டு வாடகைக்கு வந்தவர்களுடையதாக இருந்தது.

நம்பர் போன பிறகு மாதேஷ் ஸ்டாண்டில் அதிக நாள் நிற்கவில்லை. மலையை விட்டு இறங்கி, ஒரு மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டப் போய்விட்டான். ஸ்டாண்டுக்காரர்கள் கனகாவைக் கண்டால் காறித் துப்புகிறார்கள். அவளும் துப்புகிறாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் குழந்தைவேல் வாசலில் வந்து நின்று கத்தினான். செம்மநத்தம் மேட்டில் மூட்டையோடு கியர் பாக்ஸ் உடைந்து, நனைந்துகொண்டே ஆளைக் கூட்டி வந்து தள்ளினானாம். பாதிச் செலவை அவள் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் நாலு பேரைக் கூட்டி வருவானாம். கனகா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், அறைக்குள்ளிருந்து சுஜாதா வெளியே போய்விட்டாள்.

"ஏனுங்க, கியர் பாக்ஸ் எப்ப வேணாலும் போகும்னு எங்கம்மா சொன்னாங்களா இல்லீங்களா?"

"சொன்னாங்க, ஆனாலும்..."

"ஊட்டு முன்னாடி வந்து கத்தக்கூடாதுன்னு சொன்னாங்களா இல்லீங்களா? அப்பறம் என்னத்துக்கு இங்க வந்து சவுண்டு உடறீங்க? நாலு பேரு இல்ல, நாப்பது பேரைக் கூட்டிட்டு வாங்க. எனக்கும் வாய் இருக்குது."

குழந்தைவேல் மகளைப் பார்த்தான். கதவுப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தான். "ஒண்ணு போதாதுன்னு ரெண்டு" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.  "சாப்புட்டியா" என்று கேட்க வேண்டும் என்று கனகா நினைத்தாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதை எப்படிக் கேட்பது? இன்னொரு கரண்டி சோறு போட்டாள். சுஜாதா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுஜாதா கீழே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறாள். கனகா அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறாள்.

"பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுலயே வா. அந்த ஸ்டாண்டுக்காரனுக வண்டி எதுலயாச்சும் ஏறுன, காலை ஒடச்சுப் போடுவேன்."